சட்டத்தில் மூன்று கையுறை, கடையில் ஆறு

பேஸ்பால் விதிப்புத்தகத்தில் அளவையும் வடிவத்தையும் வைத்துப் பார்த்தால் கையுறை மூன்றே வகைதான். கேட்சருக்கு ஒன்று, ஃபர்ஸ்ட் பேஸில் நிற்பவருக்கு ஒன்று, மீதி 7 பேருக்கும் சேர்த்து ஒன்று. ஆனால் அமெரிக்காவில் விளையாட்டுச் சாமான் விற்கும் கடைக்குள் போய் "ஒரு கிளவுஸ் வேணும்" என்று கேட்டுப் பாருங்கள். "எந்த இடத்துல நிப்பீங்க?" என்ற கேள்விதான் முதலில் வரும். செகண்ட் பேஸ் என்றால் ஒன்றை எடுத்துக் கொடுப்பார். தேர்ட் பேஸ் என்றால் வேறொன்று. பிட்சர் என்றால் இன்னொன்று. அவுட்ஃபீல்டுக்கு அதைவிடப் பெரிதாக ஒன்று. எண்ணிப் பார்த்தால் ஆறு வகை தேறுகிறது.

சட்டம் மூன்று என்கிறது, கடை ஆறு என்கிறது. மிச்ச மூன்று எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நாளாகப் படித்ததன் குறிப்புதான் இது. சுருக்கமான பதில்: சட்டத்தில் இருக்கும் பிரிவினை வலியில் பிறந்தது. கடையில் இருக்கும் பிரிவினை வேலையில் பிறந்தது. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 50 ஆண்டு இடைவெளி இருக்கிறது.

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்குச் சின்ன முன்குறிப்பு. களத்தில் 9 பேர். பந்து எறிபவர் பிட்சர். அடிப்பவருக்குப் பின்னால், நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி உட்கார்ந்திருப்பவர் கேட்சர். ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் என்று மூன்று பேஸுக்கும் ஒவ்வொருவர். செகண்டுக்கும் தேர்டுக்கும் நடுவே நிற்பவர் ஷார்ட்ஸ்டாப். தொலைவில் மூன்று அவுட்ஃபீல்டர்கள். அடித்தவர் 90 அடி ஓடி ஃபர்ஸ்ட் பேஸைத் தொட வேண்டும். தரையில் உருண்டு வரும் பந்தை எடுத்து, அவர் போய்ச் சேர்வதற்குள் அங்கே எறிந்து பிடித்துவிட்டால் அவுட். இதற்கு இருக்கும் நேரம் சுமார் நாலரை விநாடிக்கும் குறைவு. இந்த நேரக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

வெறுங்கைக் காலம்

ஆரம்பத்தில் கேட்சர் உட்பட யாரும் கையுறை போடவில்லை. இதை வீரம் என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அன்றைய விதிகள் கையை ஓரளவு காப்பாற்றின. தெரு கிரிக்கெட்டில் 'ஒன் பிட்ச் கேட்ச்' என்று ஆடியிருப்போமே, அதுதான் அன்றைக்கு அமெரிக்காவில் முறையான சட்டம். அடித்த பந்து ஒரு முறை தரையில் பட்டு எழும்பியபின் பிடித்தாலும் அவுட். பந்தின் வேகமெல்லாம் தரையில் செத்துப்போன பிறகு கையில் வாங்கினால் போதும்.

இது சிறுவர்கள் ஆட்டம் போல இருக்கிறது, ஆண்பிள்ளைகள் ஆட்டத்துக்கு அழகில்லை என்று பல ஆண்டுகள் வாதாடினார்கள். 1864 டிசம்பரில் விதியை மாற்றினார்கள். 1865 முதல், கோட்டுக்குள் அடித்த பந்தை அந்தரத்தில் பிடித்தால்தான் அவுட். அடுத்த 20 ஆண்டுகளில் பந்தின் வேகமும் ஏறியது. முதலில் பிட்சர் கையை இடுப்புக்குக் கீழே வைத்துத்தான் எறிய வேண்டும். அந்தக் கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்ந்து, 1884-ல் நேஷனல் லீக் தோளுக்கு மேலிருந்து எறிவதை அனுமதித்தது. அதுவும் 50 அடி தூரத்திலிருந்து. இன்றைய தூரமான 60 அடி 6 அங்குலம் 1893-ல்தான் வந்தது.

விதிகள் ஒவ்வொன்றாக மாறின, ஆனால் கை அதே கைதான். அன்றைய கேட்சர்களின் விரல்கள் கோணிப்போய், கணுக்கள் புடைத்து இருந்ததாகத் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். ஒரு கேட்சர் ஓர் ஆட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பந்துகளை வாங்குகிறார். விரல் உடைந்தால் அன்றைக்குச் சம்பளம் உண்டா என்பதே அணி முதலாளியின் மனசைப் பொறுத்தது.

சதை நிறத்தில் ஒரு கையுறை

கையுறை போட்டதாகப் பதிவாகியிருக்கும் முதல் தொழில்முறை ஆட்டக்காரர் என்று பெரும்பாலும் சொல்லப்படுபவர் டக் அலிசன். சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ் அணியின் கேட்சர். 1870-ல் கை புண்ணாகிப்போனதால் மான்தோல் உறை மாட்டிக்கொண்டு ஆடினார். அதை யாரும் பெரிதாகப் பின்பற்றவில்லை.

எனக்கு இந்த வரலாற்றில் ரொம்பப் பிடித்த ஆள் அடுத்தவர்தான். 1875, செயின்ட் லூயிஸ் அணியின் சார்ல்ஸ் வெயிட். அவர் ஒரு மெல்லிய தோல் கையுறையோடு ஃபர்ஸ்ட் பேஸில் நின்றதைப் பார்த்ததாக ஆல்பர்ட் ஸ்பால்டிங் 1911-ல் வெளியிட்ட தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். அந்தக் கையுறையின் நிறம் சதை நிறம். பார்வையாளர்கள் கண்ணில் பட்டுவிடக்கூடாது என்பதற்காகவே அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்ததாக வெயிட் அவரிடம் ஒப்புக்கொண்டாராம். அதைப் போட அவருக்கு வெட்கமாக இருந்திருக்கிறது.

கையுறை தேர்ந்தெடுப்பதன் வரலாற்றில் முதன்முதலாகப் பதிவான தேர்வு இதுதான் என்று நினைக்கிறேன். அளவு பார்க்கவில்லை, தோலின் தரம் பார்க்கவில்லை. வெளியே தெரியக்கூடாது, அவ்வளவுதான்.

ஸ்பால்டிங் நட்சத்திரப் பிட்சர். 1876-ல் சிகாகோவில் விளையாட்டுச் சாமான் கடையும் திறந்திருந்தார். 1877-ல் பிட்சிங்கைக் குறைத்துக்கொண்டு ஃபர்ஸ்ட் பேஸுக்கு மாறினார். பேஸில் நிற்பவருக்கு ஆட்டம் முழுக்க நாலாபக்கமிருந்தும் பந்து வந்துகொண்டே இருக்கும். கை தாங்கவில்லை. அவரும் கையுறை போட்டார், ஆனால் மறைக்கவில்லை. நல்ல கறுப்பு நிறத்தில், ஊரே பார்க்கட்டும் என்று போட்டார். கேலி வரவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். பேர் பெற்றவர் போட்டால் அது ஃபேஷன், பேர் இல்லாதவர் போட்டால் அது கோழைத்தனம். இந்த நியாயம் எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் மாறுவதில்லை போலிருக்கிறது. அவர் கடையில் கையுறை விற்பனைக்கும் வழி பிறந்தது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பஞ்சு வைத்த கதை

இதுவரை பார்த்தவை தோல் உறைகள்தான். பல கையுறைகளில் விரல் நுனியை வெட்டிவிட்டிருப்பார்கள். சிலர் இரண்டு கையிலும் போட்டுக்கொண்டார்கள். உள்ளே மெத்தை வைத்த கையுறைக்குப் பெரும்பாலும் ஆர்தர் இர்வின் பெயரைச் சொல்கிறார்கள். பிராவிடன்ஸ் கிரேஸ் அணியின் ஷார்ட்ஸ்டாப். 1883-ல் இடது கையில் இரண்டு விரல் உடைந்துவிட்டது. ஓய்வெடுக்க மனமில்லை. தன் அளவைவிடப் பெரிய மான்தோல் கையுறை ஒன்றை வாங்கி, உள்ளே மெத்தை வைத்து, உடைந்த இரண்டு விரலும் கட்டோடு ஒன்றாக நுழையும்படி தைத்துக்கொண்டு களத்தில் இறங்கினார். விரல் குணமானது. ஆனால் கையுறையைக் கழற்றவில்லை. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் டிரேப்பர் அண்ட் மேனார்ட் என்ற கையுறைக் கம்பெனி அதைத் தயாரித்து விற்க ஆரம்பித்தது.

கேட்சருக்கான தலையணை மாதிரியான 'மிட்' 1880-களின் கடைசியில் வந்தது. விரல்கள் தனித்தனியாகப் பிரியாமல், வட்டமாக, கெட்டியான மெத்தையோடு இருப்பதைத்தான் மிட் என்கிறார்கள். 1889-ல் காப்புரிமை வாங்கியவர் ஹாரி டெக்கர் என்ற கேட்சர். (நான்தான் முதலில் செய்தேன் என்று சொன்னவர்கள் வேறு சிலரும் உண்டு. இந்த டெக்கர் பிற்காலத்தில் மோசடி வழக்குகளில் சிறைக்குப் போனது தனிக்கதை.)

இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. மிட் கேட்சர் கையைக் காப்பாற்றியது, சரி. மற்றவர்களும் அதைப் போட்டுக்கொண்டு நின்றால்? லேவ் கிராஸ் என்பவர் அதைத்தான் செய்தார். கேட்சராக இருந்தவர், தேர்ட் பேஸுக்கு மாறியபோது பழைய கேட்சர் மிட்டையும் கூடவே கொண்டுபோனார். வேகமாக வரும் பந்தை அந்த மெத்தையால் தடுத்து விழவைத்து, எடுத்து எறிந்தார். எதிரணிக்காரர்கள் முகம் சுளித்தார்கள்.

1895-ல் விதி வந்தது. கேட்சரும் ஃபர்ஸ்ட் பேஸ்காரரும் எந்த அளவில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். மற்றவர்கள் போடும் கையுறை 10 அவுன்ஸ், அதாவது சுமார் 280 கிராம் எடையைத் தாண்டக்கூடாது. உள்ளங்கைச் சுற்றளவு 14 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. நின்ற இடத்தைப் பொறுத்துக் கையுறையைப் பிரித்த முதல் சட்டம் இது.

இந்தச் சட்டத்தின் தர்க்கத்தைக் கவனியுங்கள். யாருக்கு அதிகம் வலிக்கும் என்று கேட்டிருக்கிறார்கள். பிட்சர் எறிவதை விடாமல் வாங்குபவருக்கு, பேஸுக்கு வரும் எறிகளை விடாமல் வாங்குபவருக்கு. அந்த இருவருக்குச் சலுகை. மற்றவர்கள் கொஞ்சம் வலியைத் தாங்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் திறமைக்கு என்ன மரியாதை? இன்றைய விதிப்புத்தகத்தில் இருக்கும் மூன்று வகையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

போட மறுத்தவர்கள்

இந்தக் 'திறமைக்கு என்ன மரியாதை' வாதத்தை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. இரண்டு பேரைச் சொல்கிறேன்.

முதலாமவர் பிட் மெக்ஃபீ. சின்சினாட்டி அணியின் செகண்ட் பேஸ்காரர், 1882 முதல் 1899 வரை 18 ஆண்டுகள் ஆடியவர். எல்லாரும் கையுறைக்கு மாறிய பிறகும் வெறுங்கையோடு நின்றார். கையை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து மரத்துப்போக வைப்பாராம். பழக்கப்பட்ட கைக்குக் கையுறை தேவையில்லை என்பது அவர் கட்சி. சும்மா பேச்சு இல்லை, வெறுங்கையோடு நின்ற காலத்திலேயே தன் இடத்தில் லீகின் சிறந்த தடுப்பாளர்களில் ஒருவராகத்தான் இருந்தார். 1896-ல் விரலில் அடிபட்டதால் வேறு வழியில்லாமல் கையுறை போட்டார். அந்த ஆண்டு அவர் ஃபீல்டிங் சராசரி .978. அதாவது 1000 வாய்ப்புக்கு 22 பிழைதான். செகண்ட் பேஸில் அதுவரை யாரும் தொடாத எண் அது. அடுத்து பல ஆண்டுகள் நின்ற சாதனை.

இந்த எண்ணை எப்படிப் படிப்பது? 'பார்த்தாயா, கையுறை இருந்தால் எவ்வளவு வசதி' என்று படிக்கலாம். எனக்கு வேறு மாதிரித் தோன்றுகிறது. 14 ஆண்டுகள் வெறுங்கையால் பழகிய கை அது. பந்தை எதிர்த்து நிற்காமல், அதோடு சேர்ந்து பின்வாங்கி வாங்கத் தெரிந்த கை. அதற்கு மேல் ஒரு தோலும் சேர்ந்தபோது அந்த எண் வந்தது. கையுறை திறமைக்கு மாற்று என்று அவர் பயந்திருக்கலாம். அவர் விஷயத்திலேயே அது திறமையோடு சேர்ந்துகொண்டது.

இரண்டாமவர் ஜெர்ரி டென்னி, தேர்ட் பேஸ். 1894 வரை ஆடினார், கடைசிவரை கையுறை போடவில்லை. அவருக்கு இருந்த காரணம் இன்னும் சுவாரசியமானது. டென்னிக்கு இரண்டு கையாலும் எறிய வரும். பந்து எந்தப் பக்கம் வந்தாலும் அந்தப் பக்கத்துக் கையால் எடுத்து, அதே கையால் எறிவார். ஒரு கையில் கையுறை மாட்டினால் அந்தக் கை வாங்கும் கை ஆகிவிடும், எறியும் கையாக இருக்காது. அதாவது கையுறை அவருக்கு ஒரு கையைக் கொடுக்கவில்லை, எடுத்துக்கொண்டது. மறுப்பதற்கு இவ்வளவு நியாயமான காரணம் வேறு யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஒரு பிட்சர் போட்ட முடிச்சு

1919 வரை கையுறை என்றால் மெத்தை வைத்த பெரிய கை, அவ்வளவுதான். பந்து உள்ளங்கையில்தான் வந்து அடிக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு தோல் பட்டை இருக்கும், அது பேருக்குத்தான்.

செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் பிட்சர் பில் டோக், உள்ளூர்க் கம்பெனியான ராலிங்ஸிடம் ஒரு யோசனையோடு போனார். அந்தப் பட்டைக்குப் பதில், இரண்டு விரலுக்கும் நடுவே தோல் வார்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி ஒரு வலை கட்டினால் என்ன? பந்து உள்ளங்கையில் மோதாமல் வலைக்கு அடியில் உருவாகும் குழியில் போய் விழும். 'பில் டோக்' பெயரில் வந்த அந்தக் கையுறை கால் நூற்றாண்டுக்கும் மேல் விற்பனையில் இருந்தது. எச்சில் தடவி எறியும் 'ஸ்பிட்பால்' 1920-ல் தடை செய்யப்பட்டபோது, பழைய ஆட்கள் என்பதால் விலக்குப் பெற்ற 17 பிட்சர்களில் டோக்கும் ஒருவர். ஆனால் அவர் பெயர் நிலைத்தது எறிந்ததால் அல்ல, தோல் வாரால்.

நான் முதலில் சொன்ன 50 ஆண்டு இடைவெளி, அலிசனின் 1870 முதல் டோக்கின் 1919 வரை, இங்கே முடிகிறது. அதுவரை கையுறை கவசமாக இருந்தது. இப்போது கருவியாக மாறியது. கவசத்துக்கு ஒரே கேள்விதான்: எவ்வளவு கெட்டி? கருவிக்குக் கேள்விகள் பல. குழி எவ்வளவு ஆழம், வலை திறந்ததா மூடியதா, விரல் எவ்வளவு நீளம், எங்கே மடங்கும். இந்தக் கேள்விகள் வந்தவுடன் நிற்கும் இடத்துக்கு ஒரு பதில் என்று பிரிய ஆரம்பித்துவிட்டது.

பெரிசு வேணும் என்பவரும் சிறிசு போதும் என்பவரும்

இன்றைய விதிப்படி சாதாரண ஃபீல்டரின் கையுறை 13 அங்குல நீளம் வரை இருக்கலாம். செகண்ட் பேஸ்காரர் எடுப்பது எவ்வளவு தெரியுமா? பெரும்பாலும் 11¼ அல்லது 11½ அங்குலம். சட்டம் ஒன்றரை அங்குலத்துக்கும் மேல் இடம் விட்டிருக்கிறது, அவர் வேண்டாம் என்கிறார். என் முழுக் கேள்விக்கும் பதில் இந்த ஒன்றரை அங்குலத்தில்தான் இருக்கிறது.

காரணம் அந்த நேரக் கணக்கு. செகண்ட் பேஸிலும் ஷார்ட்ஸ்டாப்பிலும் நிற்பவர்களுக்குப் பந்தைப் பிடிப்பது பாதி வேலை. பிடித்த பந்தைக் கையுறையிலிருந்து அடுத்த கைக்கு மாற்றி உடனே எறிய வேண்டும். ஒரே பந்தில் இரண்டு பேரை அவுட்டாக்கும் 'டபுள் பிளே'யில், ஓடிவந்து காலடியில் சறுக்கும் ஆளைத் தாண்டிக்கொண்டு இதைச் செய்ய வேண்டும். ஆழமான குழியில் பந்து புதைந்தால் துழாவி எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதனால் குட்டிக் கையுறை, ஆழமில்லாத குழி. வலையும் இடைவெளி விட்டது, மண் தங்காமல் கீழே கொட்டிவிடும். 1960-களில் ஹூஸ்டன் அணியில் சேர்ந்த இளைஞர் ஜோ மார்கனுக்கு, மூத்தவர் நெல்லி ஃபாக்ஸ் சொன்ன புத்தி இதுதான்: சின்னக் கையுறைக்கு மாறு. மாறினார். பின்னாளில் சின்சினாட்டியில் 1973 முதல் 1977 வரை தொடர்ந்து 5 முறை கோல்டு கிளவ் விருது வாங்கினார்.

தேர்ட் பேஸில் கதை வேறு. வலது கை ஆட்டக்காரர் ஓங்கி இழுத்து அடித்தால் பந்து நேரே இங்கேதான் வரும். யோசிக்க நேரமில்லை, முதலில் பந்து நிற்க வேண்டும். எறியும் தூரம் அதிகம் என்றாலும் பந்து சீக்கிரமே வந்துவிடுவதால் கைமாற்றக் கொஞ்சம் அவகாசம் உண்டு. ஆகவே 11¾ முதல் 12 அங்குலம், கொஞ்சம் ஆழமான குழி.

பிட்சருக்கும் ஏறக்குறைய அதே அளவுதான், ஆனால் வலை முழுக்க மூடியிருக்கும். பந்தை எந்த விரல் எப்படிப் பிடித்திருக்கிறது என்று தெரிந்தால் அடிப்பவருக்கு அடுத்து வருவது புரிந்துவிடும். அதனால் அவருக்குக் கையுறை ஒரு திரைச்சீலையும் கூட. வெள்ளையிலோ சாம்பல் நிறத்திலோ இருக்கக்கூடாது என்று அவருக்கு நிறத்தில் ஒரு விதி உண்டு. பந்தோடு குழம்பிவிடும் இல்லையா!

அவுட்ஃபீல்டருக்கு எட்டுவதுதான் முக்கியம். ஓடிப்போய், பாய்ந்து, சுவர்மேல் எம்பி, விரல் நுனியில் பந்து மாட்டினாலும் அது நழுவக்கூடாது. 12½, 12¾ அங்குலம், நீண்ட விரல், ஆழமான குழி. வலையில் இடைவெளி இருந்தால் வெயிலில் அதன் வழியாகவே பந்தைப் பார்த்துக்கொண்டு ஓடலாம்.

ஃபர்ஸ்ட் பேஸ் மிட் நீளமானது, வளைந்தது, விரல் பிரியாதது. ஒரு காலைப் பேஸில் ஊன்றிக்கொண்டு, தரையை ஒட்டி வரும் மோசமான எறிகளை மண்ணோடு அள்ள வேண்டும். முறம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

விதி துரத்திய கதை

கருவியாகிவிட்டால் அடுத்தது என்ன? இழுத்துப் பார்ப்பார்கள். 1939-ல் டெட்ராய்ட் டைகர்ஸ் அணியின் ஹாங்க் கிரீன்பெர்க் ஃபர்ஸ்ட் பேஸில் மாட்டியிருந்த மிட்டின் வலை மீன்வலை போல விரிந்திருந்தது. சட்டப்படி அவருக்குத்தான் அளவுக் கட்டுப்பாடே கிடையாதே! உடனே கட்டுப்பாடு வந்தது, 12 அங்குல நீளம், 8 அங்குல அகலம். இதில் ஒரு வேடிக்கை: அடுத்த ஆண்டே அணி அவரை லெஃப்ட் ஃபீல்டுக்கு மாற்றியது. மிட்டைக் கழற்றிவிட்டுச் சாதாரணக் கையுறை மாட்டிக்கொண்டு புது இடத்தைக் கற்றுக்கொண்டார். 1940-ல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கினார். 1935-ல் அதே விருதை ஃபர்ஸ்ட் பேஸில் நின்று வாங்கியவர். இரண்டு இடத்தில் நின்று அந்த விருதை வாங்கிய முதல் ஆள் அவர்தான். கையுறையா கையா என்ற பழைய வாதத்துக்கு இதைவிட நல்ல பதிலை நான் பார்க்கவில்லை.

1960-ல் கேட்சர் முறை. பால்டிமோர் அணியில் ஹாய்ட் வில்ஹெல்ம் எறியும் 'நக்கிள்பால்' சுழலாமல், காற்றில் தள்ளாடி வரும். அடிப்பவருக்கு மட்டுமில்லை, வாங்கும் கேட்சருக்கும் அது எங்கே வரும் என்று தெரியாது. மேலாளர் பால் ரிச்சர்ட்ஸ், வழக்கத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பெரிய மிட் ஒன்றைச் செய்யச் சொன்னார். மே மாதம் கிளின்ட் கோர்ட்னி அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார், பால்டிமோர் ஜெயித்தது. சில ஆண்டுகளில் கேட்சர் மிட்டுக்கும் வரம்பு வந்தது: சுற்றளவு 38 அங்குலம்.

அதே காலத்தில் சத்தமில்லாமல் வேறொரு மாற்றமும் நடந்தது. 1957-ல் வில்சன் கம்பெனியின் 'ஏ2000' கையுறை கீல் வைத்தது போல மடங்கி, பந்தைத் தானே கவ்வியது. இதே யோசனை கேட்சர் மிட்டுக்கும் வந்தபோது சிகாகோவின் ரேண்டி ஹண்ட்லி, பின்பு சின்சினாட்டியின் ஜானி பெஞ்ச் இருவரும் ஒற்றைக் கையால் பந்து வாங்க ஆரம்பித்தார்கள். மற்றக் கை முதுகுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கும். 1870-ல் அலிசன் தேடியது இதைத்தான். கிடைக்கச் சுமார் 100 ஆண்டு ஆனது.

கிரிக்கெட்காரர்கள் கேட்பது

'எங்க பந்து இன்னும் கனம், நாங்க வெறுங்கையாலதான் பிடிக்கிறோம்' என்று மார்தட்டும் நண்பர்கள் எனக்கு உண்டு. பந்து கனம்தான். பேஸ்பால் 142 முதல் 149 கிராம், கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம். ஆனால் கிரிக்கெட்டிலும் விக்கெட் கீப்பருக்குக் கையுறை உண்டு. அவர் விரல்களுக்கு நடுவே வலை வைக்கக்கூடாது, ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் இடையில் மட்டும் வைக்கலாம் என்று விதியே இருக்கிறது. டோக் முடிச்சுப் போட்ட அதே இடம்! 1895-ன் தர்க்கத்தோடு கிரிக்கெட் நின்றுவிட்டது: அதிகம் வலிப்பவருக்கு மட்டும் சலுகை. பேஸ்பால் அதைத் தாண்டிப் போனது, ஏனென்றால் அங்கே ஒவ்வொரு தரைப் பந்துக்கும் கடிகாரம் ஓடுகிறது. கிரிக்கெட்டில் மிட்விக்கெட்டில் நிற்பவர் தடுத்துப் போட்டால்கூடக் கைதட்டுவோம். அங்கே தடுத்தது போதாது, நாலு விநாடியில் எறிந்து முடிக்க வேண்டும்.

பலன் என்ன? நேஷனல் லீகின் முதல் ஆண்டான 1876-ல் ஃபீல்டிங் சராசரி .866. நூறு வாய்ப்புக்கு 13 பிழை. இன்று சுமார் .985, நூற்றுக்கு ஒன்றரை. மைதானமும் பயிற்சியும் மேம்பட்டதற்கும் இதில் பங்கு உண்டு, எல்லாப் புகழும் தோலுக்கே இல்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டில் பிள்ளைகளுக்கு வாங்கும் நண்பர்கள் கேட்பதால் நாலு வரி. கேட்சர் மிட் 33 அங்குலம் என்று போட்டிருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம், அது சுற்றளவு. மற்றவை நீளம், ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து குழி வழியாக அடிப்பாகம் வரை. வலது கையால் எறியும் பிள்ளைக்கு இடது கைக் கையுறை. வளர்ந்தால் போடலாம் என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கும் நம்ம வழக்கம் இங்கே உதவாது, மூட முடியாத கையுறையால் பந்து பிடிக்க முடியாது. எங்கே நிற்பது என்று இன்னும் முடிவாகாத பிள்ளைக்கு நடு அளவில் ஒன்று போதும். செகண்ட் பேஸில் நிற்கிறேன் என்று சொல்லும் பெண்ணோ பையனோ கடையில் சின்னதைக் கைகாட்டினால் கஞ்சத்தனம் என்று நினைக்காதீர்கள், விஷயம் தெரிந்த பிள்ளை.

கடைசியாக டென்னிக்கு ஒரு வார்த்தை. 1995 செப்டம்பரில் மாண்ட்ரியல் எக்ஸ்போஸ் அணியின் பிட்சர் கிரெக் ஹாரிஸ், ஒரே இன்னிங்ஸில் சிலருக்கு வலது கையாலும் சிலருக்கு இடது கையாலும் எறிந்தார். அவர் கையுறையில் ஆறு விரல். இரண்டு பக்கமும் கட்டைவிரல் வைத்து, எந்தக் கையிலும் மாட்டும்படி செய்தது. இரண்டு கையையும் விட்டுக்கொடுக்க மறுத்த ஒருவருக்கு ஏற்ற கையுறை, இடம் பார்த்துக் கையுறையைப் பிரித்த அந்த முதல் சட்டம் வந்து சரியாக 100 ஆண்டு கழித்து வந்து சேர்ந்தது. கடைக்காரரின் ஆறு வகையிலும் அது இல்லை.